போட்ட முதல் திரும்பிய நெல் மிஷின்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாங்கள் முத்தியால்பேட்டையில் குடியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த என் கொழுந்தன், அரியாங்குப்பத்தில் ஒரு பழைய நெல் மிஷின் விலைக்கு வருகிறது, நாங்களும் கூட்டுச் சேரவேண்டும் என்றார்.

"மூணு வருஷத்துல போட்ட மொதல் அப்படியே திரும்பிடும் அண்ணி."

லாபம் என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. அது எனக்கு உறுத்தியது.

"அதுக்கப்புறம் அது எத்தன வருஷம் ஓடும் தம்பி?"

"மொதல்ல பணம் திரும்பட்டும்."

"அதே பணத்த வட்டிக்கு வுட்டா மூணு வருஷத்துல கூடவே வருமே. அதக் கழிச்சிப் பாத்தீங்களா?"

அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். விற்பவனிடம் தரகு வாங்குகிறார் என்றே நினைத்தேன். கூடவே கூடாதென்று கணவரைத் தடுத்துவிட்டேன். கொழுந்தன் தன் சொந்தப் பணத்தைப் போட்டு வாங்கியபோதும் என் சந்தேகம் தீரவில்லை.

மிஷின் மூன்று வருஷம் நன்றாக ஓடியது. நாலாம் வருஷம் எஞ்சின் உடைந்து பழைய இரும்புக்குப் போனது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர், "நான் சொன்ன மாதிரியே போட்டது திரும்பிடுச்சி, பாத்தீங்களா அண்ணி?" என்றார் பெருமையாக.

அவர் தரகு வாங்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை என்று அந்தப் பெருமையைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் மூன்று வருஷ வட்டியும் உழைப்பும் போனது அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லையா, தெரிந்தும் மறைக்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.