ரூபி அண்ணியின் மேல்காடு

என் வீட்டுக்காரரின் அக்கா ரூபி அண்ணி இங்கிலாந்தில் முப்பத்தோரு வருஷம் நர்சாக இருந்தவர். ஒவ்வொரு மார்ச் மாதமும் செம்மநத்தத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவரிடமிருந்து ஃபோன் வரும். உடம்பு சுகமா, பிள்ளைகள் சுகமா என்ற பேச்சே கிடையாது. "பூத்துருச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

காபி பூப்பதைத்தான் கேட்பார். கோடை மழை ஒன்று விழுந்தால் பத்தாம் நாள் சரிவு முழுக்க வெள்ளையாகிவிடும். மூன்று நாள்தான், அப்புறம் பழுப்பேறி உதிர்ந்துவிடும். அண்ணிக்கு லீவு கிடைப்பதோ கிறிஸ்துமசுக்கு. அத்தனை வருஷமும் அந்தப் பூவை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. தூக்கத்தில் வாசம் வருகிறது என்பார். அந்த ஊர்ப் பனியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மூக்குக்குள் அதே வாசம் வந்து, மயங்கி நின்று ஒரு பஸ்ஸையே விட்டுவிட்டாராம். எனக்குச் சிரிப்பாக இருக்கும். காபிப்பழம் பறித்துப் பறித்துக் கை காய்த்துப்போனவளுக்கு அது என்ன பெரிய கனவு?

பென்ஷன் வாங்கிக்கொண்டு போன வருஷம் ஒரேயடியாக வந்துவிட்டார். குடியுரிமை அந்த நாட்டுடையது. இங்கே தங்குவதற்கு ஓசிஐ என்று ஒரு நீலப் புத்தகம் வைத்திருந்தார். இந்திய வம்சாவளிக்காரர்கள் ஆயுசுக்கும் விசா கேட்காமல் வந்து போக அரசாங்கம் கொடுப்பது. வந்த மறுநாளே எங்கள் காபித் தோட்டத்தின் மேல்சரிவுக்கு, நாங்கள் மேல்காடு என்று சொல்கிற இடத்துக்குப் போய் மூடுபனிக்குள் நின்றுகொண்டார். தினமும் அதே கதை. செடிகளுக்கு நடுவில் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது, இருமினால்தான் தெரியும்.

ஒருநாள் சாப்பிடும்போது தம்பியிடம் கேட்டே விட்டார்.

"அங்கயும் நான் வெளியூர்க்காரி, இங்கயும் புத்தகக்காரி. மேல்காட்டுல அரை ஏக்கர் என் பேருக்கு எழுதிக் குடு சாமி. என்னோடதுன்னு நின்னு அந்தப் பூவப் பாக்கோணும்."

என் வீட்டுக்காரர் மரியஅந்தோணி மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? பூவைப் பார்க்க நிலம் எதற்கு, கண் போதாதா என்று அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினேன்.

மூன்று பேருமாகப் பத்திரம் எழுதுபவரிடம் போனோம். அவர் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். ஓசிஐக்காரர்கள் வீடு வாங்கலாம், காபித் தோட்டமோ விவசாய நிலமோ வாங்க முடியாது, தானமாகவும் எழுதி வாங்க முடியாது என்றார். அண்ணியின் முகம் வாடிப்போனது. பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு வழியும் சொன்னார்.

"வாரிசா வந்தா மட்டும் செல்லுமுங்க. தம்பி உயில் எழுதி வெக்கட்டும். அவரு காலத்துக்கப்புறம் உங்களுக்கு வந்துரும்."

என் கை தானாகத் தாலியைப் பிடித்துக்கொண்டது. அண்ணி அதைப் பார்த்துவிட்டார். புத்தகத்தை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"நீ போனப்பறம் எனக்கு எதுக்குடா காடு? உயிலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எந்திரி, பஸ்ஸு போயிரும்."

அன்றிலிருந்து மேல்காட்டுப் பக்கமே அவர் போகவில்லை. கேட்டால், அடுத்தவர் காட்டில் எனக்கென்ன வேலை என்பார். சன்னலோரம் உட்கார்ந்து மூடுபனியையே பார்த்துக்கொண்டிருப்பார். வீடே என்னவோபோல் ஆகிவிட்டது. அந்த அரை ஏக்கருக்காக நான் பாத்திரம் உருட்டியதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

மார்ச் கடைசியில் மழை விழுந்தது. பத்தாம் நாள் விடியும்போது கதவிடுக்கு வழியாக வாசம் உள்ளே வந்துவிட்டது. நான் ஓடிப்போய் அண்ணியை எழுப்பினேன்.

"எந்திரிங்க அண்ணி. உங்க காடு பூத்துருச்சு."

கனவு என்றே நினைத்திருப்பார். கண்ணைத் திறக்காமல், யாருடைய காடு என்று கேட்டார்.

"உங்க காடுதானுங்க. நான் சொல்றேன், வாங்க."

செருப்புகூடப் போடாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.