டைனோசருக்குப் பக்கத்தில் ஒரு சுறா வாய்

வேனில் ஏறுவதற்கு முன்னால் ஜெமி தன் இரண்டு உள்ளங்கைகளையும் முகர்ந்து பார்ப்பாள். எல்.கே.ஜி.யில் அந்தப் பழக்கம் இல்லை. இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ தொடங்கியது. முதலில் கை, பிறகு பின்னலின் நுனி, பிறகு சட்டைக் காலர். மூன்றும் சரி என்று பட்டால்தான் படியில் கால் வைப்பாள். நான் அந்த வேனில் ஆயா. கடற்கரை ஊரான இனயத்துப் பிள்ளைகளை ஏற்றி புதுக்கடையில் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, பகலில் அங்கேயே வகுப்புகளைப் பெருக்குவேன். நானும் இனயத்துக்காரிதான்.

கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கடைசி இருக்கை. யாரும் சொல்லி வைத்ததில்லை, அப்படியே ஆகிப்போயிற்று. வழியில் ஏறுகிறவர்கள் முதலில் ஜன்னலைத் தள்ளித் திறந்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்காக ஜெபகுமாரி டீச்சர் குழு பிரித்தார். ஜெமிக்கும், வழியில் வேனில் ஏறும் அபினாவுக்கும் லிஜினுக்கும் டைனோசர் கிடைத்தது. முதல் பரிசு வாங்கும் குழுவை அரியலூருக்குக் கூட்டிப்போய், கல்லாகிப்போன பழைய எலும்புகளைக் காட்டுவதாக டீச்சர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஜெமிக்கு அதே நினைப்பு. ஒரே ஒரு எலும்பைக் கையால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரும் கம்ப்யூட்டர் அறையில் இருப்பார்கள். லிஜின் தெர்மோகோல் வெட்டுவான். அபினா ஒட்டுவாள். படிப்பது ஜெமி மட்டும்.

“வானத்துல இருந்து பெரிய கல்லு விழுந்து எல்லாம் செத்துது. இத எழுதினா போதும்ட்டி,” என்பான் லிஜின்.

“கல்லு விழுந்ததுக்கு மண்ணுல அடையாளம் இருக்கு. ஆனா அந்தக் காலத்துல நம்ம நாட்டுல எரிமலையும் பொங்கியிருக்கு. சில பேரு அதையும் காரணமா சொல்லுகினும். ரெண்டையும் வெச்சு, எதுக்கு என்ன ஆதாரம்னு சொல்லணும்.”

“நீயா சொல்லுவே? ஜட்ஜு உன் பக்கத்துல வந்து நிக்கணும்லா?”

அபினா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஜெமி திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் மேசைக்கு அடியில் பெருக்குவேன்.

ஒரு நாள் அவள் டீச்சரிடம் போய் நின்றாள். “டீச்சர், டைனோசர் வரதுக்கு முன்னயே சுறா இருந்திருக்கு. டைனோசர் அழிஞ்ச பெறவும் சுறா இருக்கு. அதுக்கு நம்மள மாதிரி எலும்பு கிடையாது, குருத்துதான். அதனால பெரும்பாலும் பல்லுதான் கல்லாகிக் கிடைக்கும். எனக்க அப்பா பிடிக்கிய சுறா, டைனோசருக்கும் மூத்ததாக்கும்.”

“கொள்ளாமே,” என்று பாராட்டினார் டீச்சர். “ஒரு சுறா வாய் கிடைச்சா டைனோசருக்குப் பக்கத்துல வைக்கலாம். ஜட்ஜுகிட்ட நீயே பேசு.”

வேனில் திரும்பும்போது அன்றைக்கு அவள் கடைசி இருக்கையில் பாட்டு முணுமுணுத்தாள்.

அவளுடைய அப்பா மரியஜான் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர். பள்ளிக்கூடப் பக்கம் வர வேண்டாம் என்று மகள் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டதால், ஆண்டு விழாவுக்குக்கூட வந்ததில்லை. இப்போது மகளே கடலிலிருந்து ஒன்று கேட்கிறாள். வலையில் பட்டதிலேயே பெரிய சுறாவின் வாயை அறுத்தெடுத்துக்கொண்டு வந்தார். உப்பைத் தேய்த்து, குச்சி கொடுத்து அகட்டி வைத்து, மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயப்போட்டார். வெளியூர்க்காரர்களாக இருந்தால் தசையைச் சுரண்டி எடுத்து மருந்தில் போட்டிருப்பார்கள். எங்களுக்குக் கடலிலிருந்து வந்தது எதுவும் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் உப்பும் வெயிலும்தான். தெருவே வந்து பார்த்தது. பல் வரிசை வரிசையாக வெள்ளையாக மின்னியது.

ஜெமி குனிந்து முகர்ந்தாள். “மாமி, மணம் ஏதும் இருக்கா?”

நானும் முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பிள்ளைகளோடு நானும் வேனில் போயிருந்தேன். ஏசி போட்டுக் கதவுகளைச் சாத்தியிருந்தார்கள். மரியஜான் வெள்ளைச் சட்டை போட்டு, பாலிதீனில் சுற்றிய சுறா வாயை பைக்கில் கொண்டுவந்தார். மகள் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று சுவரோரம் நின்றார்.

ஜெமி பாலிதீனைப் பிரித்தாள்.

முதலில் பக்கத்து மேசைப் பையன் திரும்பினான். “எலி செத்துக் கெடக்காலே?” அபினா துப்பட்டாவால் மூக்கை மூடினாள். அந்தப் பக்கமிருந்து வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் உரக்கச் சொன்னார்: “டைனோசர்னு போர்டு வெச்சுட்டுக் கருவாட்டுக் கடை போட்டிருக்கியளே!” வரிசை முழுக்கச் சிரித்தது.

ஜெபகுமாரி டீச்சர் முகம் சிவந்து வந்தார். “கழுவக்கூடத் தெரியாதாட்டி உங்களுக்கு? யாரு இத இப்படிச் செஞ்சது?”

மரியஜான் முன்னால் வந்தார். “நான்தான் டீச்சரம்மா. நல்லா உப்பு போட்டுக் காயவெச்சதாக்கும். கெட்டுப் போகாது.”

மறுபடியும் சிரிப்பு.

“ஜட்ஜு வருகாரு. உடனே வெளிய கொண்டு போ.”

“குடு மக்கா, நான் கொண்டு போறேன்,” என்று அவர் கையை நீட்டினார். ஜெமி கொடுக்கவில்லை. விறுவிறுவென்று நடந்து, பந்திக்கூடத்துக்கு வெளியே இருந்த எச்சில் இலைத் தொட்டியில் அதை எறிந்தாள். பின்னாலேயே வந்த அப்பாவிடம், “நீங்க எதுக்கு வந்திய? போங்க. ஒங்க நாத்தம்தான் எனக்கும்,” என்றாள். அவள் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள். பிறகு உள்ளே ஓடினாள்.

அவள் இடத்தில் அபினா நின்றிருந்தாள். ஜெமி எழுதிய தாள்கள் அவள் கையில் இருந்தன.

“நீ அங்கண போய் நில்லுட்டி. உன் சட்டையில இப்பவும் இருக்கு.”

ஜெமி டீச்சரைப் பார்த்தாள். “இன்னைக்கு அபினா பேசட்டும்,” என்றார் டீச்சர். குரலில் கோபம்கூட இல்லை.

நடுவர் வந்தார். விண்கல், எரிமலை, மண்ணில் உள்ள அடையாளம் எல்லாவற்றையும் அபினா பார்த்துப் பார்த்து வாசித்தாள். சுறா வந்த பக்கத்தைத் தாண்டிவிட்டாள். நடுவர் அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். முதல் பரிசு அவர்களுக்கே கிடைத்தது. மேடைக்கு அபினாவும் லிஜினும் போனார்கள்.

நான் வெளியே வந்தபோது மரியஜான் தொட்டிக்குள் கைவிட்டு சுறா வாயை எடுத்து, பல்லிடுக்கில் ஒட்டியிருந்த சோற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“புள்ள பேசினாளா?” என்று கேட்டார்.



அரியலூருக்கு மேடையேறியவர்களை மட்டுமே கூட்டிப்போனார்கள். “நீ ஸ்டேஜுல நிக்கல்லியே” என்று டீச்சர் காரணம் சொன்னார். திரும்பி வந்த மறுநாள் அபினா வேனில் பின்னால் திரும்பி, “தொட்டுப் பாத்தோம்ட்டி. சும்மா கல்லு மாதிரித்தான் இருக்கு. உனக்க அப்பா கொண்டுவந்த சாதனம் மாதிரி நாறல்ல,” என்றாள். லிஜின் ஜெமிக்குக் ‘கருவாட்டோசர்’ என்று பேர் வைத்தான். ஒரு வாரத்தில் யு.கே.ஜி. பிள்ளைகள்கூட அப்படிக் கூப்பிட்டார்கள். அர்த்தம் தெரியாமல், ஆசையாகக் கையாட்டி.

பத்தாம் வகுப்புத் தேர்வில் அறிவியலில் பள்ளியிலேயே அதிக மதிப்பெண் ஜெமிக்குத்தான். உயிரியல் எடுக்கச் சொல்லி அம்மா அழுதுகூடப் பார்த்தாள்.

இப்போது ஜெமி வேறு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் படிக்கிறாள். பழைய பள்ளியில் உயிரியல் பிரிவில் அபினாவும் லிஜினும் இருக்கிறார்கள். மரியஜான் கடலுக்குப் போய் வருகிறார். அவர் கரைக்கு வரும் நாட்களில் ஜெமி அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இருவரும் பேசுவதில்லை.