கோடு தாண்டிய நட்டு

என் அண்ணன் எண்பத்தாறு வயதுவரை மோட்டார் சைக்கிள் ஓட்டினான். எண்பத்தேழில் செத்தான். ஊரே திரண்டு வந்தது. நான் செத்தால் நாலு பேர் வருவார்கள். அதிலும் இரண்டு பேர் மூக்குக்கண்ணாடி ரெடியா என்று கேட்க வந்தவர்களாக இருப்பார்கள். பொறாமையில் பேசுகிறேன் என்பீர்கள். ஆமாம், பொறாமைதான்.

பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது இருவரும் ஒன்றாகத்தான் போனோம். அவனுக்கு இருபது, எனக்குப் பதினெட்டு. சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையை அவன் கடைசி வரிவரை கடகடவென்று படித்தான். எனக்கு அட்டையே மங்கலாகத்தான் தெரிந்தது. அவன் போருக்குப் போனான். நான் கண்ணாடிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே அவன் கையில் ஒரு மோட்டார் சைக்கிளையும் ஒரு தோல் பையையும் கொடுத்தார்கள். ஒரு முகாமின் தகவலை இன்னொரு முகாமில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. மூன்றாம் வருடம் குண்டுச் சிதறல் பட்டு இடது கையில் இரண்டு விரல் போயிற்று. மிச்சமிருந்த மூன்றால் க்ளட்ச் பிடிக்கப் பழகிக்கொண்டு வந்து சேர்ந்தான். பத்து விரலும் முழுசாக இருக்கிற நான் சைக்கிள் ஓட்டினாலே எதிரே வருபவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

வந்தவன் பஸ் டிப்போவில் மெக்கானிக் ஆனான். பட்டாளம் கழித்துவிட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான். வீட்டு மாடியில் அவனும் அண்ணியும்; கீழே நான், என் மனைவி, மகள். பக்கவாட்டில் தகரக் கொட்டகையில் வண்டி. ஊருக்கு அவன் பட்டாளத்தார். நான் சொந்தமாகக் கடை வைத்து நாற்பது வருடம் நடத்தினேன். கடைசிவரை அது 'பட்டாளத்தார் தம்பி கடை'தான்.

வண்டியில் அவனுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு நட்டின் மேலும் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுப்பான். கோட்டின் ஒரு பாதி நட்டில், மறு பாதி வண்டியின் சட்டத்தில். நட்டு தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும்.

"குண்டு விழுற இடத்துல ஸ்பேனரை வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா திருகிப் பாக்க முடியுமாடா? ஒரு தடவை சுத்திப் பாத்தா போதும். கோடு நேரா இருந்தா கிளம்பிட வேண்டியதுதான்" என்பான். போர் முடிந்த பிறகும் தினமும் காலையில் குனிந்து ஒரு சுற்றுப் பார்க்காமல் ஏறமாட்டான். வருடத்துக்கு ஒரு முறை கோடுகளைப் புதிதாக வரைவான்.

என் மகளுக்கு ஆறு வயதிருக்கும். ஒரு விடுமுறை நாள், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். திடீரென்று சொன்னாள்: "பெரியப்பாவே எனக்கு அப்பாவா இருந்திருக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன். வயிறு எரிந்தது.

சாப்பாடு முடிந்து அவன் மாடியில் குறட்டை விட ஆரம்பித்ததும் கொட்டகைக்குப் போனேன். பின்சக்கரத்து நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். விழட்டும் என்றுதான் நினைத்தேன். கொஞ்சமாக விழட்டும், ஊர் பார்க்க விழட்டும். சக்கரம் கழன்றால் யாரும் கொஞ்சமாக விழுவதில்லை என்று அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். மகள் தலைக்கு ரிப்பன் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குப் பெரியப்பா என்னைப் பின்னாடி உக்கார வெச்சு டிப்போ வரைக்கும் கூட்டிட்டுப் போறாரே!"

கொட்டகைக்கு விழுந்தடித்து ஓடி, ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி இறுக்கினேன். நட்டின் பாதிக்கோடு சட்டத்தின் கோட்டைத் தாண்டிப்போய் நின்றது. நேராக்க வேண்டுமானால் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தளர்த்தப் பயம். அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் வழக்கம்போல் குனிந்து சுற்றி வந்தான். பின்சக்கரத்தருகில் வெகுநேரம் நின்றான். ஸ்பேனரை எடுத்து இறுக்கம் பார்த்தான். வைத்துவிட்டு, "ஏறும்மா ராஜாத்தி" என்றான். வண்டி போய்விட்டது.

கண்டுபிடித்துவிட்டானா, இல்லையா? இது ஒன்றுதான் நாற்பத்தேழு வருடம் என்னை அரித்தது. கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. அந்தக் கொட்டகைப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. அவனோ எப்போதும்போல் தோளில் கைபோட்டுப் பேசினான். எழுபத்தெட்டு வயதில் கண் பரிசோதனைக்கு என் கடைக்கு வந்து, அன்றைக்குப் போலவே கடைசி வரிவரை ஒப்பித்தான். "உனக்கு எதுக்கு அண்ணே கண்ணாடி?" என்றேன். "சும்மா, உன்னைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் செத்து மூன்று வாரம் கழித்து அண்ணி கூப்பிட்டார். "வண்டியை உங்களுக்குத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டார். வந்து பாருங்க."

முட்டி வலியோடு பின்சக்கரத்தருகே உட்கார்ந்தேன். எல்லா நட்டிலும் கோடு நூல் பிடித்தாற்போல் நேர். ஒன்றில் மட்டும் பாதிக்கோடு தள்ளி நின்றது. பழைய பெயிண்ட் இல்லை. போன வருடம் வரைந்தது, பளிச்சென்று வெள்ளை.

"டயர் மாத்தினாலும் சரி, பெயிண்ட் அடிச்சாலும் சரி, இதை மட்டும் கோணலாத்தான் போடுவார்" என்றார் அண்ணி. "ஏன்னு கேட்டேன். 'இது என் தம்பி முடுக்கினது. நான் இறுக்கினதைவிட ஜாஸ்தியா இறுக்கியிருக்கான் பாரு. எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு அவ்வளவு பயம் அவனுக்கு'ன்னு சொல்லுவார்."

கோட்டைப் பார்த்தே போரில் உயிர் பிழைத்தவன். இறுக்குவதற்கு முன்னால் யார் தளர்த்தியது என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் நான் இறுக்கியது அவனுக்காக இல்லை, மகளுக்காக. அது அவனுக்குத் தெரியுமா என்று இனி யாரைக் கேட்பேன்?

அண்ணி பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் நீட்டினார். "இந்த வருஷம் நீங்க போடுங்க."

கெட்டவனாக இருப்பதிலாவது அவனை முந்திவிட்டேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பாவி, அதையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். நேராக வரையத்தான் பிரஷ்ஷை எடுத்தேன். கோணலாகத்தான் போட்டேன்.