தண்டு செலுத்தச் சம்மதம்

என் மனைவிக்கு அல்சைமர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. போன தை மாதம், அரியலூரில் இருக்கும் எங்கள் மகள் ஓர் ஒப்புதல் படிவத்தோடு பெரம்பலூர் வீட்டுக்கு வந்தாள். எங்கோ ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் நினைவு திரும்புமாம்.

வருவாய்த் துறையில் முப்பத்தைந்து ஆண்டு குப்பை கொட்டியவன் நான். கிளினிக்குக்குப் போன் போட்டேன்.

"இந்த ஊசி இன்னும் ஆராய்ச்சியிலதானே இருக்கு? யார் அனுமதி குடுத்தது?"

"அதெல்லாம் ப்ராசஸ்ல இருக்குங்க சார்."

இதே வாக்கியத்தை எத்தனை மனுதாரர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்! அதன் பொருள் எனக்கா தெரியாது?

மகளுக்குக் கோபம். "எதுக்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி. அம்மா என்னையப் பேர் சொல்லிக் கூப்புட வேணாமாப்பா?"

அந்த ஆசை எனக்கும் இருந்தது. பேனாவை எடுத்துவிட்டேன்.

ஆனாலும் பழக்கம் விடுமா? கைநாட்டு வைப்பவருக்கு முழுவதையும் படித்துக் காட்டாமல் எந்தக் காகிதத்தையும் நான் முடித்ததில்லை. மனைவியை எதிரில் உட்காரவைத்து உரக்கப் படித்தேன். ஸ்டெம் செல்லைத் தமிழாக்கிய புண்ணியவான் இப்படி எழுதியிருந்தார்: "முதுகின் வழியே தண்டு செலுத்த முழுமனதுடன் சம்மதிக்கிறேன்."

"முதுகுல எதுக்குங்க?" என்றாள் மனைவி. "பொரியல் பண்ணுனா எறங்காதா?"

மாதக்கணக்கில் 'ம்', 'வேணாம்' தவிர வேறு பேசாதவள். மகள் சிரித்த சிரிப்பில் காபி கொட்டியது. இவளும் சிரித்தாள், தன் பேச்சுக்கா மகளின் சிரிப்புக்கா தெரியாது. பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "தண்டு எங்க?" என்று கேட்கத் தொடங்கினாள். மார்க்கெட்டுக்குப் போய் ஒரு வாழைத்தண்டு வாங்கி வந்தேன்.

வில்லை வில்லையாக நறுக்கினாள். வந்த நாரை ஆட்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தாள். விரலைப் பார்க்கக்கூட இல்லை. மகளும் ஒரு கத்தியோடு பக்கத்தில் உட்கார்ந்து கனமாக நறுக்கினாள்.

"யாரு பெத்த புள்ளம்மா நீ? ஒங்கம்மா ஒண்ணும் சொல்லித்தரலியா?"

மகள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். "தந்தாங்கம்மா. நாந்தான் கவனிக்கல."

"இப்பக் கவனி."

"சரிங்கம்மா" என்று நகர்ந்து உட்கார்ந்தவள், என் பக்கம் திரும்பினாள். "அப்பா, அந்தப் படிவத்தத் திருப்பி அனுப்பிருங்க."

"காரணம்னு ஒரு எடம் இருக்கே, என்ன எழுத?"

"பேஷண்ட்டுக்குச் சம்மதமில்லன்னு எழுதுங்க."

"பேச்ச விட்டுட்டு நாரப் பாரு" என்றாள் என் மனைவி.