கடற்பக்கம் யன்னல் வைக்காத வீடு

வாகரையில் கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டால் நாய்கூட நிழலை விட்டு எழும்பாது. மேற்கே காய்ந்து கிடக்கிற காட்டையும் வயல் வட்டையையும் தடவிக்கொண்டு வருகிற அந்தக் காற்று, பாண் சுடுகிற போறணை வாயைத் திறந்ததுபோல முகத்தில் அடிக்கும். ஊருக்கு அது ஒரு பருவம், வந்து போகும். சீதேவிப்பிள்ளைக்கு அது புருசனின் உயிருக்கு வருகிற கண்டம்.

புருசன் வினாயகமூர்த்திக்கு வேர்க்காது. இரண்டாயிரத்து ஆறு முடிகிற நேரம் சனம் காட்டுப் பாதையால் ஊரை விட்டு நடந்தபோது, பக்கத்தில் விழுந்து வெடித்த செல்லின் துண்டொன்று அவருடைய கழுத்துக்குச் சற்றுக் கீழே முதுகுத்தண்டில் ஏறியது. உயிர் தப்பியது. நெஞ்சுக்குக் கீழே உடம்பு சொல் கேட்பதை நிறுத்திக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நேர்ஸ் மிஸ்ஸிதான் சீதேவிப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அம்மா, நமக்கு வேர்த்து உடம்பு ஆறும். இவருக்கு இனி வேர்க்காது. சூடு ஏறினா ஏறினதுதான், உயிருக்கே ஆபத்து. வீட்டைக் குளிரா வெச்சுக்கொள்ளுங்க."

வீட்டைக் குளிராக வைத்துக்கொள்ள வேண்டுமாம். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் சுடாது.

கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக ஒரு தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுத்த வீடு அது. சுனாமிக்குப் பிறகு அத்திவாரம் போட்டு, சண்டையில் ஊரே கலைந்து திரும்பிய பிறகு கூரை ஏறியது. மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு என்றால் பெண்ணுக்குத்தான். அதனால் உறுதிப் பத்திரமும் அவள் பேரில். சீமெந்துக்கல் சுவர், தகரக் கூரை. கரண்ட் இல்லாத ஊருக்குச் சாமான்களோடு ஒரு மேசை ஃபேனும் தந்தார்கள். பிறகு கரண்ட் போஸ்ற்றும் வந்து தெருவோரம் நின்றது, வயர்தான் வரவில்லை. ஃபேன் பொலித்தீன் கழற்றாமல் அலுமாரிக்கு மேல் சாமி படம்போல இருக்கிறது.

கும்பிட்டால் காற்று வருமா? சீதேவிப்பிள்ளை ஏணியில் ஏறினாள். கிணற்றில் அள்ளி வாளி வாளியாகத் தகரத்தில் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் இறங்குவதற்குள் ஆவியாகப் போனது; சுனாமிக்குப் பிறகு உவர்ப்பாகிப்போன தண்ணீர், தகரத்தில் துருவை மட்டும் விட்டுவிட்டுப் போனது. சண்டை முடிந்துவிட்டது என்று றேடியோ சொன்ன நேரத்தில் அவள் ஏணியின் நடுப்படியில் வாளியோடு நின்றாள். தங்கச்சி சின்னத்தங்கம் வேலிக்கு அங்கால் நின்று அதைக் கத்திச் சொன்னாள். "ஓம், சரிகா," என்றுவிட்டு மேலே ஏறினாள். சந்தோசப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

பிறகு தென்னோலைக் கிடுகு வாங்கித் தகரத்துக்கு மேலே கட்டுவித்தாள். வாகரையில் கல்வீடு கிடைத்த பிறகு யாரும் கிடுகைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சின்னத்தங்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"என்னகா இது? பட்டுச்சீலைக்கு மேல சாக்கு உடுத்த மாதிரி இரிக்கி."

"உள்ளுக்கு வந்து படுத்துப் பாரன், பட்டு எப்பிடிச் சுடுது எண்டு."

கிடுகு உதவியது, பொய் சொல்லக் கூடாது. தகரம் அனல் கக்குவது குறைந்தது. வெளிச்சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தாள். ஈரச் சாக்கை வாசலில் தொங்கவிட்டாள். ஆனாலும் மத்தியானம் திரும்பும் நேரம் அறைக்குள் காற்று அசையாமல் கட்டிப்பட்டு நிற்கும். ஒரு நாள் வினாயகமூர்த்தியின் கண் மேலே செருகிவிட்டது. ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நாள் கழித்துத் திருப்பி அனுப்பும்போது அதே மிஸ்ஸி சொன்னார்: "இன்னொரு தரம் இப்பிடி வந்தா எங்களால ஒண்டும் செய்ய ஏலாமப் போகும் அம்மா."

செலவில்லாமல், கரண்ட் இல்லாமல் வீட்டைக் குளிராக்குவது எப்படி என்று வீடுவீடாகச் சொல்லித் திரிந்த நிலானி என்ற பிள்ளை டவுனில் இருந்து வந்தது அந்தக் கிழமைதான். நல்ல பிள்ளை. கிடுகைப் பார்த்தாள், சுண்ணாம்பைப் பார்த்தாள், கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துக் குரலைத் தணித்தாள்.

"எல்லாம் சரியாத்தான் செஞ்சிரிக்கீங்க அக்கா. முன் வாசலால வாற காத்து எங்கால வெளிய போகும்?"

சீதேவிப்பிள்ளை வாசலில் காய்ந்துபோன சாக்கை எடுத்து வாளியில் நனைத்தாள். சின்னத்தங்கம் நிலத்தைப் பார்த்தாள். டவுன் பிள்ளைக்கு என்ன தெரியும்? அந்த வரிசையில் பல வீடுகளில் கடலைப் பார்த்த கிழக்குச் சுவர் யன்னல் இல்லாத மொட்டைச் சுவர்தான்.

சுனாமியன்று பழைய வீட்டில் கடல் யன்னலால்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை, பின் யன்னலடியில் குந்தியிருந்து மகள் தனுஷா சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். எட்டு வயசு. வினாயகமூர்த்தி அப்போது தெருவில் நின்றார், சீதேவிப்பிள்ளை குசினியில் அடுப்படியில். யன்னல் பலகையோடு சுவர் பிளந்து கறுப்புத் தண்ணீர் உள்ளே ஏறியதைத் தாய் பார்த்தாள். அதற்குப் பிறகு மகளைப் பார்த்தது பள்ளிக்கூட மைதானத்தில், சீலையால் மூடிய வரிசையில்.

அதனால் புது வீட்டுக்குக் கல் வைக்க வந்த மேசன் ஆதம்பாவா காக்காவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "காக்கா, கடல் பக்கம் ஒரு ஓட்டையும் வெக்காதீங்க." "காத்து வராது தங்கச்சி," என்றார் அவர். "வர வேணாம்." அவர் யன்னல் வர வேண்டிய இடத்தைக் கல்லால் அடைத்துப் பூசிவிட்டுப் போனார்.

நிலானி போன மறுநாளும் வெயில் குறையவில்லை. ஈரத்துணியை நெஞ்சில் விரிக்க விரிக்க அது காய்ந்தது. விசிறி விசிறிச் சீதேவிப்பிள்ளையின் மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. வினாயகமூர்த்தியின் முகம் சிவந்து உதடு வெடித்திருந்தது. அவளுக்குத் திடீரென்று கோபம் வந்தது.

"யன்னலத் திற எண்டு ஒரு நாளாவது கேட்டிரிக்கலாமே நீங்க?"

அவரால் நாக்கை நனைத்துக்கொண்டுதான் பேச முடிந்தது.

"கேட்டா நீ திறப்பாய். அதுதான் கேக்கல்ல."

விசிறியைக் கீழே வைத்தாள். தங்கச்சியைக் கட்டிலடியில் இருத்திவிட்டு, செருப்பும் போடாமல் தெருவுக்கு இறங்கி ஆதம்பாவா வேலை செய்கிற வீட்டு வளவைத் தேடிப் போனாள்.

சுவரை உடைக்க வேண்டும் என்று சொன்னதுமே அவர் சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். கல் உடைகிற சத்தம் கேட்கத் தொடங்கியதும் சீதேவிப்பிள்ளை முன் வளவில் போய்க் கடலுக்கு முதுகு காட்டிக் குந்திக்கொண்டாள். பாதியில் ஆதம்பாவா எட்டிப் பார்த்து, "நிறுவனம் தந்த யன்னல் எங்க தங்கச்சி?" என்றார். கோழிக்கூட்டுக்குக் கதவாக நிற்கிறது என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அன்று கோழிகளுக்குத்தான் நட்டம்.

வேலை முடிந்து அவர் கைகால் கழுவும்போது கச்சான் தளர்ந்து கடற்காற்று ஏறுகிற நேரமாகிவிட்டது. அது பின்னால் புகுந்து முன் வாசலால் வெளியே போனது. கட்டிப்பட்டுக் கிடந்த வெக்கை அதோடு போனது. அவள் வாசலில் நின்றபடியே கையை நீட்டிப் புருசனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மெல்ல மெல்ல ஆறிக்கொண்டு வந்தது. இவ்வளவு குளிர்ந்த காற்று அந்தக் கடலில் இருந்து வருகிறதே என்று அவளுக்கு ஆத்திரம் பற்றியது. பிள்ளையைக் கொண்டுபோனதும் அது, புருசனுக்கு உயிர் கொண்டு வருவதும் அது. நன்றி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, வரவும் வேண்டாம்.

ஆதம்பாவாவும் சின்னத்தங்கமும் போன பிறகும் அவள் உட்காரவில்லை. ஒரு கண் அவர்மேல், ஒரு கண் யன்னலில். சவுக்குக் கன்றுகளுக்கு அப்பால் கடல் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. அலைச் சத்தம் கொஞ்சம் பெரிதானாலும் கதவு நிலையைப் பிடித்தாள்.

"இஞ்சேர் புள்ள," என்றார் வினாயகமூர்த்தி. "கட்டிலைக் கிறுக்கி விடு. எனக்கு யன்னல் தெரியட்டும்."

இழுத்துத் திருப்பினாள். தலையணையை உயர்த்தி வைத்தாள். அவர் வெளியே பார்த்தார்.

"நீ பாக்காத. நான் பாத்துக்கிட்டு இரிக்கன். கடல் கிளம்பினா கூப்பிடுறன். நீ கொஞ்சம் படு."

எழும்பவே ஏலாத மனிசன் காவலிருக்கிறாராம். அவள் சிரிக்கவில்லை. கூப்பிட்டால் அவரைத் தூக்கிக்கொண்டு ஓட அவளுக்குப் பலமில்லை, விட்டுவிட்டு ஓடவும் அவள் போவதில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். சீலைத் தலைப்பை விரித்துக் கட்டிலடியில் சாய்ந்தாள்.

பொழுது படுகிற நேரம் சின்னத்தங்கம் கறிச்சட்டியோடு வாசலில் வந்து, "அக்கா!" என்றாள்.

"எழுப்பாத," என்றார் வினாயகமூர்த்தி, யன்னலில் இருந்து கண்ணை எடுக்காமல். "படுக்கட்டும்."