எட்டாம் நம்பர் ஷூ கிராஃப்

ஒரு கணக்கு வாத்தியார் சமூக அறிவியல் டீச்சரைப் பார்த்துப் பொறாமைப்படுவது கேவலம். நான் பட்டேன். வேலூருக்கு பஸ் ஏறிப் போய், பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து உட்கார்ந்து, அவர் பார்க்கும் வெப்சைட்டையே தேடிப் பிடிக்கும் அளவுக்குப் பட்டேன்.

ஆம்பூரில் எங்கள் பள்ளிக்கு இன்டர்நெட் வந்த புதிது. கம்ப்யூட்டர் ரூம் சாவி, சேர்ந்து இரண்டே வருஷமான மெர்சி டீச்சரிடம் இருந்தது. பல நாட்டு ஆசிரியர்கள் பாடங்களைப் போட்டு வைக்கும் ஒரு தளத்திலிருந்து பிரின்ட் எடுத்து வருவார். எந்த ஊர்ச் சந்தையில் எப்படி அளக்கிறார்கள், எந்த நாட்டு வீட்டில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று கணக்கும் ஊர் உலகமும் சேர்ந்தே வரும். என் வகுப்பில் கொட்டாவி விடும் பையன்கள் அவர் வகுப்பில் கை தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சாவி எனக்கு வந்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஹெச்.எம். என் வகுப்பைப் பார்க்க வந்த அன்று, வேலூரில் பிடித்த பாடத்தை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு மாணவனின் ஷூ சைஸையும் உயரத்தையும் கிராஃபில் புள்ளியாக வைக்க வேண்டும். கால் பெரிதாக ஆக ஆளும் உயர்வது ஒரு கோடாகத் தெரியும். பிறகு அதை வெளிநாட்டுப் பிள்ளைகளின் கிராஃபோடு ஒப்பிட வேண்டும்.

கோடு வரவில்லை. போர்டில் கடுகு கொட்டினாற்போல் இருந்தது. வகுப்பிலேயே குள்ளமான இம்தியாஸுக்கு எட்டாம் நம்பர்.

"இன்னாடா, சும்மா சொல்றியா?"

"இல்ல சார், எட்டுதான். முன்னாடி பஞ்சு வெச்சிருக்கேன்."

"உன் சைஸ் பாத்து வாங்கக் கூடாதா?"

"யாரு சார் வாங்கறாங்க? அப்பா வேல செய்ற ஷூ கம்பெனில எது ரிஜெக்ட் ஆவுதோ அதான்."

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "எனக்கு ரெண்டு காலும் வேற வேற சைஸ் சார். எதை எழுதட்டும்?" என்றான். ஹெச்.எம். கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த பீரியட் மெர்சி டீச்சர். நான் அழிக்க மறந்த அந்தக் கடுகையும் பக்கத்தில் ஒட்டியிருந்த வெளிநாட்டு கிராஃபையும் பார்த்து, "அவங்க கிராஃப் கோடா இருக்கு, நம்மளது ஏன் இப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். பையன்கள் பெல் அடித்தும் எழவில்லையாம். அவர்கள் சொன்னதை எழுதித் தளத்தில் போட்டார். "எங்கள் ஷூவைச் செய்வது உங்கள் அப்பாக்களா?" என்று ஒரு வெளிநாட்டு வகுப்பே கேட்டு எழுதியது. ஹெச்.எம். அதைப் பிரேயரில் வாசித்தார். "கிராஃப் சார் போட்டது" என்று மெர்சி டீச்சர் எழுந்து சொன்னார். அது இன்னும் எரிந்தது.

இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தத் தளத்தில் எந்தப் பாடம் கிடைத்தாலும், நடத்துவதற்கு முன் உங்கள் பிள்ளைகளின் காலைக் குனிந்து பாருங்கள். எனக்கு அது அன்று உறைக்கவில்லை. நேரே ஹெச்.எம். ரூமுக்குப் போய், சீனியாரிட்டிப்படி சாவி எனக்குத்தான் வர வேண்டும் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னா சார் இது? கனெக்‌ஷன் வந்தப்ப மொதல்ல உங்களைத்தானே கேட்டேன். 'இந்தப் பேஜாரெல்லாம் நமக்கு வேணாம், அந்தப் புதுப் பொண்ணு தலைல கட்டுங்க'ன்னு நீங்கதான சொன்னீங்க?"