நாலாவது போத்தல்

"…போத்தல் குறையா இருக்குன்னு நீங்களேவா மேல ஊத்துனீங்க, அண்ணே?" என்று முனியம்மா கேட்டாள். இடுப்பில் துணிமூட்டை. வாசலில் போலீஸ் லோரி. ஆமென்று தலையாட்டினேன்.

ஊரிலிருந்து படிக்கிற உங்களுக்கு விந்தையாக இருக்கும். கடல் தாண்டி நான் பிழைக்க வந்த இந்த நாட்டில் சுத்தமான தண்ணீரையும் சோதனைக்கு அனுப்புகிறார்கள். நம் பக்கம் கிணற்றருகே யார் நிற்கலாம் என்று பார்ப்பார்கள். இங்கே கிணற்றுக்குள் என்ன நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் புண் கட்டிக் கட்டியே தொழில் படித்தவன் நான். கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து முதலில் இரண்டு மாடு செத்தது, பிறகு ஒரு குழந்தை. அவசரகாலம் அல்லவா? காட்டுக்குள் ஒளிந்து சர்க்காரோடு சண்டைபோடும் காட்டுக்காரர்கள் பேச்சைக் கேட்டு நஞ்சைக் கலந்தான் என்று முனியம்மாவின் புருஷன் சுப்பையாவைப் பிடித்துப் போனார்கள். அவன் புல்லுக்குப் பாஷாண மருந்து அடிக்கிறவன். அது போதுமாக இருந்தது. மேட்டுக் கொட்டகையில் மருந்துப் பீப்பாய்கள் ஒழுகி, வாய்க்கால் வழியே கிணற்றில் இறங்குவது லயத்துக்கே தெரியும். தெரிந்து என்ன?

சிரம்பான் சோதனைக்கூடத்துச் சீனர் தண்ணீர் பிடித்துவர என்னிடம் நாலு போத்தல் கொடுத்திருந்தார். கிணற்றுக்கு இரண்டு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க. வாய்க்காலுக்கு ஒன்று. நாலாவதில் காய்ச்சி வடித்த தண்ணீர். திறக்காமல் அப்படியே திரும்பி வரவேண்டும். "இது என்னண்ணே, சும்மா சவாரி போற தண்ணி!" என்று முனியம்மா அன்று சிரித்தாள். புருஷன் வந்துவிடுவான் என்கிற சிரிப்பு.

தோட்டத்துக் கேட்டில், காட்டுக்காரர்களுக்குச் சோறு போகாமல் தடுக்க உணவுச் சோதனை. காவல்காரன் எல்லாப் போத்தலையும் திறந்து மோந்தான். நாலாவதில் பாதியைத் தரையில் ஊற்றிப் பார்த்தான். நல்ல காரியத்துக்குக் குறைப்பாத்திரம் கொண்டுபோய்ப் பழக்கமில்லாதவன் நான். சும்மா போகிற தண்ணீர்தானே என்று கிணற்றுக்கே திரும்பி, கழுத்து வரை நிரப்பினேன். மனசு நிறைந்துபோய் பஸ் ஏறினேன்.

"தா போலே பாக்காய்லா," என்றார் சீனர். எதுவும் செல்லாதாம். சுத்தத் தண்ணீரிலேயே நஞ்சு காட்டினால் மற்றதை எப்படி நம்புவது? வேறு போத்தல் தந்தார். அதற்குள் தோட்டத்துத் துரை பீப்பாய்களை அப்புறப்படுத்தி, வாய்க்காலையும் வெட்டிக் கழுவிவிட்டிருந்தார். இந்த முறை நான் ஒரு பிழையும் செய்யவில்லை. நாலாவது சுத்தம், வாய்க்கால் சுத்தம், கிணற்றில் மட்டும் நஞ்சு. அப்படியென்றால் கையால் போட்டதுதான் என்று எழுதிவிட்டார்கள். சுப்பையாவைக் கப்பலேற்ற உத்தரவு, பெண்டாட்டியும் கூடவே.

அவள் இந்த லயத்தில் பிறந்தவள். கடலையே பார்த்ததில்லை. "உங்க ஊருக்குத்தான் அனுப்புறாங்க. அங்க எனக்கு யாரைண்ணே தெரியும்? நீங்க இங்க நல்லா இருங்க," என்றாள்.

பிறகு மூட்டையை இறக்கி வைத்தாள். நஞ்சென்று கிணற்றை மூடியிருந்த பலகையை நகர்த்தி, ஒரு செம்பில் கழுத்து வரை மொண்டு வந்து, சொட்டுச் சிந்தாமல் என் காலடியில் வைத்துவிட்டு லோரியில் ஏறினாள்.